துருப்பிடிச்ச பழைய நட்டு போல்ட்டு, சுத்தம் பண்ணி திரும்ப மாட்டறது பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

பழைய புல்லட்ட பிரிச்சுப் போட்டு வேலை பாக்கறவங்க எல்லார்கிட்டயும் ஒரு டப்பா கண்டிப்பா இருக்கும், கழட்டின நட்டு போல்ட்டு வாஷர் எல்லாம் துருவும் கிரீஸும் மண்ணுமா கலந்து கிடக்கற டப்பா. பிஸ்டன் வாங்கிடலாம், சீட்டு தைக்க ஆள் இருக்காங்க, பெயின்ட் அடிக்க ஆள் இருக்காங்க, ஆனா இந்த டப்பாவ என்ன பண்றதுன்னு தெரியாம காயலாங்கடைல எடைக்குப் போட்டுட்டு அப்புறம் அதே சைஸுக்கு கடை கடையா ஏறி இறங்கறவங்க நிறைய. வண்டிலயே திரும்பக் கிடைக்கறதுக்கு ரொம்ப கஷ்டமான சாமான் அந்த டப்பால இருக்கறதுதான், அத தூக்கிப் போடாதீங்கன்னு சொல்றதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

புது போல்ட்டு சல்லிசா கிடைக்குதே, எதுக்கு பழசப் போட்டு தேய்ச்சுகிட்டு இருக்கணும்?

இப்போ வர்ற வண்டின்னா நானும் அதையேதான் சொல்வேன், எம்8 எம்10னு மில்லிமீட்டர் கணக்குல வர்ற மெட்ரிக் போல்ட்டு எல்லாம் எந்த ஹார்டுவேர் கடைலயும் இருக்கு, வாங்கி மாட்டிட்டு வேற வேலைய பாருங்க. பழைய புல்லட் கதை வேற. 1955ல இங்கிலாந்து கம்பெனி கூட சேந்து மெட்ராஸ்ல புல்லட் பூட்ட ஆரம்பிச்சாங்க, அப்புறம் திருவொற்றியூர் ஃபேக்டரிலயே முழுசா செய்யற அளவுக்கு வந்துச்சு, ஆனா டிராயிங் எல்லாம் அங்கிருந்து வந்தது, அதோட இங்கிலீஷ் மரையும் கூடவே வந்துடுச்சு. சைக்கிள் திரெட்னு சொல்ற இஞ்சுக்கு 26 மரை, பி.எஸ்.எஃப், விட்வொர்த்னு பழைய இங்கிலீஷ் மரை வகைங்க எல்லாம் ஒரே வண்டில கலந்து இருக்கும், பின்னாடி வந்த மாடல்ல மெட்ரிக்கும் கூட சேந்துக்கிச்சு.

இதுல பிரச்சனை எங்க வருதுன்னா, ரெண்டரை நூல் அதாவது 5/16 இஞ்ச் சைக்கிள் திரெட் போல்ட்டோட தடிமன் 7.94 மில்லிமீட்டர், கடைல கிடைக்கற எம்8 சரியா 8 மில்லிமீட்டர். கைல வச்சு பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். ஆனா சைக்கிள் திரெட்ல ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 0.98 மில்லிமீட்டர் தான் இடைவெளி, சாதா எம்8ல 1.25. ரெண்டு சுத்து உள்ள போகும் அப்புறம் இறுகும், சரி டைட்டா இருக்குன்னு ஸ்பேனர் போட்டு இழுத்தா இன்ஜினோட அலுமினிய கேஸ்ல இருக்கற மரை மொத்தமும் சுருள் சுருளா வெளிய வந்துடும். அப்புறம் ஹெலிகாயில்னு சொல்ற கம்பிச்சுருள் மரைய உள்ள போடணும், இல்லன்னா வெல்டு வச்சு திரும்ப துளை போட்டு மரை அடிக்கணும். ஒரு துருப்பிடிச்ச போல்ட்ட சோம்பேறித்தனப்பட்டு தூக்கிப் போட்டதுக்கு கேஸ் பலி. அதனாலதான் ஒரிஜினல் போல்ட்டு எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் முதல்ல காப்பாத்தப் பாருங்கன்னு சொல்றேன்.

எந்த மரைன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

மரை கேஜ் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, ரம்பம் மாதிரி பல்லு வச்ச தகடுங்க ஒரு கட்டா வரும், மெட்ரிக்கும் இஞ்சும் சேந்தது பெரிய விலை இல்ல. போல்ட்டு மேல வச்சு வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிச்சா நடுவுல வெளிச்சமே தெரியாம உக்காரணும். கூடவே தடிமன் அளக்க ஒரு வெர்னியர். இந்த ரெண்டும் இல்லாம பழைய வண்டில கை வைக்காதீங்க.

ஒண்ணு கவனிக்கணும், கால் இஞ்ச் பி.எஸ்.எஃப்பும் கால் இஞ்ச் சைக்கிள் திரெட்டும் ரெண்டுமே இஞ்சுக்கு 26 மரைதான், ஆனா மரையோட கோணம் வேற, பி.எஸ்.எஃப்பும் விட்வொர்த்தும் 55 டிகிரி, சைக்கிள் திரெட்டும் மெட்ரிக்கும் 60 டிகிரி. ஒண்ணுல ஒண்ணு ஏறிடும், ஆனா பிடிமானம் சரியா இருக்காது. விட்வொர்த் 1841லயே வந்த கணக்கு, அதனால பழைய லேத்து, பழைய பம்புசெட்டு, பழைய மில்லு மிஷின் எதுல வேணா எதிர்ல வந்து நிக்கும்.

14 ஸ்பேனர் போட்டா லூசா இருக்கு, 13 போட்டா ஏற மாட்டேங்குது, ஏன்?

ஏன்னா அது மெட்ரிக் தலையே இல்ல. இங்கிலீஷ் ஸ்பேனர்ல 1/4 டபிள்யூன்னு போட்டிருந்தா அது தலையோட அளவு இல்ல, போல்ட்டு தண்டோட அளவு, தலை எதிரெதிர் பக்கத்துக்கு 13.3 மில்லிமீட்டர் வரும். 14 போட்டு இழுத்து இழுத்துத்தான் பாதி வண்டிங்கள்ல தலை உருண்டு கிடக்கு. விட்வொர்த் ஸ்பேனர் செட்டு ஒண்ணு பழைய டூல்ஸ் விக்கற இடத்துல கிடைக்கும், சென்னைன்னா புதுப்பேட்டை பக்கம் ஒரு ரவுண்டு போய் கேட்டுப் பாருங்க, ஒரு செட்டு கிடைச்சா விடாதீங்க.

போல்ட்டு இறுகிப் போய் அசையவே மாட்டேங்குது, எப்படி உடையாம எடுக்கறது?

அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை நுழையாதுன்னு சொல்வாங்க, இங்க நூத்துக்கு நூறு உண்மை. துருன்னா சும்மா மேல படிஞ்ச அழுக்கு இல்ல, இரும்பு துருவா மாறும்போது பழைய இரும்பு பிடிச்ச இடத்த விட நிறைய இடம் பிடிக்கும், மரைக்கு நடுவுல இருந்த சந்து எல்லாம் அடைச்சுகிட்டு உள்ளயே ஆப்பு அடிச்ச மாதிரி உக்காந்துடும். அதனால பலம் காட்டி பிரயோஜனம் இல்ல, அந்த துருவ உடைக்கணும், சந்துக்குள்ள எண்ணெய் இறங்கணும்.

முதல்ல வெளிய தெரியற மரைய கம்பி பிரஷ் வச்சு நல்லா தேய்ச்சு எடுங்க, அந்த அழுக்கு மரை வழியாத்தானே நட்டு வெளிய வரணும். அப்புறம் ஊடுருவற ஆயில் அடிச்சு ராத்திரி பூரா விடுங்க. டபிள்யூ.டி.40 எல்லார் கைலயும் இருக்கு, லேசா பிடிச்சதுக்கு போதும், கெட்டியா பிடிச்சதுக்கு பெனட்ரேட்டிங் ஆயில்னே தனியா விக்கறத வாங்குங்க. ஆட்டோமேட்டிக் கியர் காருக்கு ஊத்தற ஏ.டி.எஃப் ஆயிலும் அசிட்டோனும் சரி பாதி கலந்தும் அடிப்பாங்க, அது நல்லாவே வேலை செய்யும், ஆனா ரெண்டும் பிரிஞ்சு நிக்கும் அதனால ஒவ்வொரு தடவையும் குலுக்கணும், பெயின்ட்ல பட்டா பெயின்ட்டு போச்சு, நெருப்பு பக்கத்துலயே கொண்டு போகக் கூடாது. காலைல வந்து போல்ட்டு தலை மேல சுத்தியால நேரா நாலு தட்டு, பலமா இல்ல, டங்கு டங்குன்னு, அந்த அதிர்வுல துரு வெடிப்பு விடும்.

அப்புறம் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு துளி டைட் பண்ணிப் பாருங்க. நிறைய பேர் இத நம்ப மாட்டாங்க, ஆனா ஒரு மயிரிழை உள்ள நகந்தாலும் பிடிப்பு விட்டுடுச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் வெளிய வந்துடும். கால் சுத்து வெளிய, திரும்ப கொஞ்சம் உள்ள, ஆயில், திரும்ப வெளிய, இப்படியே ஆட்டி ஆட்டி எடுங்க, ஒரே இழுப்பா இழுத்தா தண்டு முறுக்கிகிட்டு உடையும். ஸ்பேனர்ல ஆறு மூலை இருக்கற பாக்ஸ்தான் போடணும், பன்னெண்டு மூலை ரிங்கு தலைய வழிச்சு விட்டுடும்.

இதுக்கும் வரலன்னா சூடு. நட்ட மட்டும் சூடாக்குங்க, போல்ட்ட இல்ல, நட்டு விரிஞ்சு பிடி விடும். சூடு இருக்கும்போதே சாதா மெழுகுவத்திய மரை ஓரத்துல வச்சா மெழுகு உருகி சந்துக்குள்ள தானா இழுத்துக்கும், கண்ணு முன்னாடியே காணாம போறத பாக்கலாம். அடிச்ச ஆயில துடைச்சு எடுக்காம கேஸ் டார்ச் நெருப்ப காட்டறது, பெட்ரோல் டேங்க் மேல இருக்கறப்பவே டார்ச் எடுக்கறது ரெண்டும் கண்டிப்பா வேணாம். செக்கச்செவேல்னு பழுக்க வச்சு எடுத்த போல்ட்டு நட்டு எதுவும் திரும்ப மாட்டறதுக்கு ஆகாது, அந்த சூட்டுல அதோட பதம் போயிடும்.

எந்த போல்ட்ட எவ்வளவு நல்லா சுத்தம் பண்ணாலும் திரும்ப மாட்டக் கூடாது?

சுத்தம் பண்ண உக்காரதுக்கு முன்னாடியே இத முடிவு பண்ணிடுங்க, இல்லன்னா ஒரு நாள் உழைச்சு பளபளன்னு ஆக்கிட்டோமேங்கற பாசத்துல மாட்டத் தோணும்.

பிரேக், ஹேண்டில்பார் ஸ்டெம், ஃபோர்க், வீல் ஆக்ஸில், ஸ்விங் ஆர்ம், ஸ்ப்ராக்கெட் இந்த இடத்து போல்ட்டுல மேலாக்க செந்தூசி மட்டும் இருந்தா சுத்தம் பண்ணிக்கலாம், ஆனா துரு கழுவினப்புறம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா தெரிஞ்சா தூக்கிப் போடுங்க, யோசிக்கவே யோசிக்காதீங்க. ஒவ்வொரு குழியும் விரிசல் ஆரம்பிக்கற இடம், வண்டி குலுங்கக் குலுங்க அது வளரும், ஒரு நாள் சொல்லாம கொள்ளாம உடையும். அளவு கிடைக்கலன்னா நல்ல லேத்து பட்டறைல அதே மரைல கடைஞ்சு வாங்கணும், மைல்டு ஸ்டீல்ல கடைஞ்சு குடுத்துடப் போறாங்க, எந்த இடத்துக்குன்னு சொல்லி நல்ல ஸ்டீல் கேட்டு வாங்குங்க.

இழுபட்ட போல்ட்டும் அப்படித்தான். புது போல்ட்டு ஒண்ண எடுத்து ரெண்டு மரையும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தற மாதிரி பக்கத்துல பக்கத்துல வச்சு வெளிச்சத்துல பாருங்க, ஆரம்பத்துல சரியா உக்காந்து போகப் போக விலகுனா அது நீண்டு போச்சு. நடுத்தண்டு இடுப்பு சிறுத்த மாதிரி இருந்தாலும் அதே அர்த்தம். இன்னொண்ணு, இப்போ வர்ற நிறைய கார் இன்ஜின்ல ஹெட் போல்ட்டு ஒரு தடவை இழுத்து டைட் பண்றதுக்குன்னே செஞ்சது, அது புதுசு மாதிரி இருந்தாலும் ரெண்டாவது தடவை ஆகாது.

நைலான் வளையம் வச்ச லாக் நட்டு கையாலயே சுத்தி ஏறிடுச்சுன்னா அது லாக் நட்டு இல்ல. ஸ்ப்ளிட் பின்னு எப்பவும் புதுசு.

சுத்தம் பண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

எந்த போல்ட்டு எந்த துளைலேந்து வந்துச்சுன்னு குறிச்சு வைக்கணும். சைடு கவர கழட்டறதுக்கு முன்னாடி ஒரு அட்டைப்பெட்டி அட்டைல அந்த கவரோட வடிவத்த பேனாவால வரைஞ்சு, துளை இருக்கற இடத்துல அட்டையையும் குத்தி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது வந்த இடத்துலயே சொருகிடுங்க. ஒரே கவர்ல ரெண்டு மூணு நீளம் இருக்கும், நீளமான ஸ்க்ரூவ குட்டை துளைல போட்டு இறுக்கினா அடில முட்டி கேஸ் விரிசல் விடும்.

அப்புறம் மண்ணெண்ணெய் இல்ல டீசல்ல ஊற வச்சு கிரீஸ போக்கி, பாத்திரம் கழுவற லிக்விட் போட்டு ஒரு தடவை கழுவிடுங்க. எண்ணெய் பிசுக்கு இருக்கற இடத்துல எந்த கரைசலும் துருவ தொடாது. கரைசல் வேலை செய்யலன்னு சொல்றவங்கள்ல பாதி பேர் இந்த வேலைய விட்டிருப்பாங்க.

எந்த கரைசல் நல்லது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

எலுமிச்சை உப்பு, கடைல லெமன் சால்ட்டுனு கேளுங்க, அதுதான் சிட்ரிக் ஆசிட். பெரிய மளிகைக் கடை, கெமிக்கல் கடை எல்லா இடத்துலயும் இருக்கு, ஊறுகாய்க்கும் ஜூஸுக்கும் போடறதுதான், மூச்சு முட்டற புகை வராது, அதனாலயே எனக்கு இது மேல தனி மரியாதை.

ஒரு லிட்டர் சுடுதண்ணிக்கு 50 கிராமிலேந்து 100 கிராம் வரைக்கும் போட்டு கலக்கி, பிளாஸ்டிக் டப்பாலயோ கண்ணாடி பாட்டில்லயோ ஊத்தி போல்ட்டுங்கள உள்ள போடுங்க, அலுமினிய பாத்திரம் வேணாம். கொஞ்ச நேரத்துல சின்ன சின்ன குமிழி கிளம்பும், தண்ணி மஞ்சளாகி அப்புறம் பழுப்பாகும். லேசான துருன்னா ரெண்டு மூணு மணி நேரம், கெட்டித் துருன்னா ஒரு ராத்திரி. நடுவுல எடுத்து பழைய டூத் பிரஷால மரை ஓரமா தேய்ச்சுப் பாருங்க, செந்துரு போய் கருப்பா மை மாதிரி ஒண்ணு கைல ஒட்டும், அது வந்துடுச்சுன்னா துரு கழண்டுடுச்சுன்னு அர்த்தம், அதுக்கடியில சாம்பல் கலர்ல இரும்பு தெரியும். அத்தோட எடுத்துடணும். மறந்து போய் நாலஞ்சு நாள் விட்டா துரு தீந்து போய் இரும்பையே சாப்பிட ஆரம்பிக்கும், மரையோட முனை எல்லாம் மழுங்கிடும்.

ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, போல்ட்டுல மிச்சம் இருக்கற ஜிங்க் பூச்சும் துருவோட சேந்து போயிடும். க்ரோம் பூசின நட்ட இதுல போட்டு ரொம்ப நேரம் விடாதீங்க, அதுக்கு அலுமினிய ஃபாயில கசக்கி தண்ணில நனைச்சு தேய்ச்சாலே மேல் துரு வந்துடும்.

வினிகர், புளி, கோக்?

வினிகர் வேலை செய்யும், சமையல் வினிகர்ல ஆசிட்டு ஏறக்குறைய 5 சதவீதம் தான் அதனால ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும், வாசனைதான் தாங்காது. புளி பித்தளைக்கும் செம்புக்கும்தான் ராஜா, இரும்புத் துருவுக்கு பத்தாது. கோக்ல பாஸ்பாரிக் ஆசிட் துளியூண்டு இருக்கு, மத்ததெல்லாம் சர்க்கரை, காசுக்குப் பிடிச்ச கேடு.

பாத்ரூம் கழுவற ஆசிட் அஞ்சு நிமிஷத்துல பளிச்சுனு ஆக்கிடுதே?

ஆக்கும், ஆனா வேணாம். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். முதல் விஷயம், அதோட புகை அந்த ரூம்ல இருக்கற மத்த எல்லா இரும்பு மேலயும் போய் படியும், மறுநாள் வந்து பாத்தா உங்க ஸ்பேனர் செட்டு, வைஸ், டிரில்லு எல்லாம் செம்மண் பூசின மாதிரி நிக்கும். ரெண்டாவது, துருவுக்கும் இரும்புக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது, நிமிஷத்துக்கு நிமிஷம் மரைய தின்னும். மூணாவதுதான் ரொம்ப முக்கியம், தலைல 10.9, 12.9னு அடிச்சிருக்கற கெட்டியான போல்ட்டு ஆசிட்ல கிடந்தா ஹைட்ரஜன் இரும்புக்குள்ள புகுந்துடும், பாக்க ஒண்ணும் தெரியாது, மாட்டி டைட் பண்ணி சில மணி நேரமோ சில நாளோ கழிச்சு கண்ணாடி மாதிரி படக்குன்னு உடையும். அந்த வகை போல்ட்ட எந்த ஆசிட்லயும் போடாதீங்க, கம்பி பிரஷும் ஆயிலும் மட்டும்தான்.

அப்படியும் சிலர் போடத்தான் போறாங்க, அதனால இதையும் சொல்லிடறேன். வெட்டவெளில வைங்க, கண்ணாடியும் கிளவுஸும் போடுங்க, தண்ணில ஆசிட்ட ஊத்துங்க, ஆசிட்ல தண்ணிய ஊத்தாதீங்க, பிளீச்சிங் பவுடர் பக்கத்துல கூட வரக் கூடாது, ரெண்டும் கலந்தா குளோரின் வாயு வரும், அது நுரையீரல பொசுக்கிடும்.

தலைல இருக்கற 8.8, 10.9 எல்லாம் என்ன?

முதல் நம்பர நூறால பெருக்கினா எவ்வளவு இழுவைக்கு அறுந்து போகும்னு மெகாபாஸ்கல்ல வரும். புள்ளிக்கு அப்புறம் இருக்கறது அதுல பத்துல எத்தனை பங்குல நீள ஆரம்பிக்கும்னு சொல்றது. 8.8னா 800ல அறும், 640ல நீளும். 10.9னா 1000, 900. நம்பர் இருக்கற மெட்ரிக் போல்ட்டுக்கு பதிலா நம்பர் இல்லாதத போடாதீங்க, அவ்வளவுதான்.

மொலாசஸ்ல ஊற வைக்கலாமாமே?

வைக்கலாம், சர்க்கரை ஆலைல மிஞ்சற கருப்புப் பாகுதான் மொலாசஸ், அது ஒரு பங்கு, ஒம்பது பங்கு தண்ணி, ஒரு வாரத்துலேந்து ரெண்டு வாரம். துருவ மட்டும் மெதுவா கவ்வி எடுத்துடும், நல்ல இரும்ப பெருசா தொடாது, மொத்தமா ஒரு வண்டியோட போல்ட்ட போட்டுட்டு மறந்துடறவங்களுக்கு சரியான முறை. புளிச்ச நாத்தம் வரும், ஈ மொய்க்கும், அதனால மூடி போட்டு வீட்டுக்குப் பின்னாடி வைங்க, மூடிய இறுக்கமா அடைக்காதீங்க, நொதிச்சு வாயு கிளம்பும். அலுமினியம், ஜிங்க் வார்ப்பு எதுவும் உள்ள போகக் கூடாது, கரைஞ்சுடும்.

பேட்டரி சார்ஜர் வச்சு எலக்ட்ரோலிசிஸ், அதாவது தண்ணில கரண்ட் விட்டு துரு எடுக்கறது, எப்படி?

பிளாஸ்டிக் பக்கெட்ல தண்ணி, லிட்டருக்கு ஒரு டேபிள் ஸ்பூன் சலவை சோடா. போல்ட்டுங்கள ஒரு செம்புக் கம்பில கட்டித் தொங்க விட்டு சார்ஜரோட நெகடிவ்ல கோத்துடுங்க, பாசிட்டிவ்ல ஒரு வீணாப் போன இரும்புத் தகடு. 12 வோல்ட்டு போதும். ஆன் பண்ணினா போல்ட்டு மேலேந்து நுரை மாதிரி குமிழி வரும், துரு கழண்டு மேல மிதக்கும், தகடு கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுப் போகும்.

ரெண்டு ஒயர மாத்திக் குடுத்துடாதீங்க, போல்ட்டு கரைய ஆரம்பிச்சுடும். பாசிட்டிவ்ல எவர்சில்வர் தகடு வேணவே வேணாம், அதுலேந்து குரோமியம் விஷமா தண்ணில இறங்கும். சலவை சோடாக்கு பதிலா சமையல் உப்பும் போடக் கூடாது, குளோரின் வரும். வர்ற குமிழி ஹைட்ரஜன், அதனால காத்தோட்டமான இடம், பக்கத்துல பீடி சிகரெட் இல்லாம, ஒயர கழட்டறதுக்கு முன்னாடி சார்ஜர் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு. புது மாடல் ஸ்மார்ட் சார்ஜர் பேட்டரி இல்லன்னா கரண்டே விடாது, பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜர் தான் இதுக்கு லாயக்கு. இதுலயும் ஹைட்ரஜன் இருக்கறதால 10.9 கதைதான், அந்த வகைய இதுலயும் போடாதீங்க.

ஒரு பெரிய ஸ்பிண்டிலுக்கு, ஸ்டாண்டுக்கு இது அருமை, ஆனா சின்ன சின்ன நட்டுக்கு ஒவ்வொண்ணா கம்பில கட்டிகிட்டு இருக்கறதுக்கு லெமன் சால்ட்டே மேல். தகடுக்கு நேரா பாத்த பக்கம்தான் சீக்கிரம் சுத்தமாகும், நட்டோட உள்பக்கம் அப்படியே நிக்கும்.

கிரைண்டர்ல கம்பி வீல் போட்டு தேய்ச்சா சீக்கிரம் முடியுமே?

முடியும், தலைக்கும் தண்டுக்கும் நல்லாவும் இருக்கும். கண்ணாடி போடாம கிட்டயே போகாதீங்க, அந்தக் கம்பி ஒண்ணு ரெண்டு எப்பவும் தெறிச்சுகிட்டே இருக்கும், கண்ணுல போனா ஆஸ்பத்திரிதான். போல்ட்ட கையால பிடிக்காம லாக்கிங் பிளையர்ல கவ்விப் பிடிங்க, தொளதொள கிளவுஸ் போடாதீங்க, வீல் இழுத்துக்கும். மரை மேல ரொம்ப நேரம் அழுத்தாதீங்க, மரை போற வாக்குலயே லேசா காட்டினா போதும். பளபளப்பான மஞ்சள் இல்ல மங்கின வெள்ளிப் பூச்சோட பழைய ராணுவ சரக்கு, விமான சரக்கு போல்ட்டு கைக்கு வந்தா அது கேட்மியமா இருக்கலாம், அத தேய்ச்சு தூசி கிளப்பவும் கூடாது, சூடாக்கவும் கூடாது, விஷம்.

மரைய டை போட்டு திரும்ப வெட்டலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பதில் சொல்வேன், ஏன்னா நல்ல போல்ட்டு வீணாப் போறது இங்கதான். டைங்கறது புது மரை வெட்டறதுக்கு செஞ்சது, பழைய மரைல ஓட்டினா துருவ மட்டும் எடுக்காது, நல்ல இரும்பையும் ஒரு சுத்து சீவி எடுத்துடும். போல்ட்டு நட்டுக்குள்ள தொளதொளன்னு ஆடும். மரைய சரி பண்றதுக்குன்னே திரெட் சேசர்னு ஒண்ணு இருக்கு, அது வெட்டாது, நசுங்கின மரைய தள்ளி நேராக்கும். மெட்ரிக்கு சுலபமா வாங்கலாம், சைக்கிள் திரெட்டுக்கு தேடணும்.

கிடைக்கலன்னா நம்மளே ஒண்ணு செஞ்சுக்கலாம். அதே மரை உள்ள நல்ல நட்டு ஒண்ண எடுத்து ரம்பத்தால ஒரு பக்கம் மட்டும் வெட்டி விடுங்க, அந்த வெட்டு ஓரத்துல இருக்கற பிசிற முக்கோண அரத்தால எடுத்துடுங்க. இத ஆயில் விட்டு போல்ட்டுல சுத்தினா வெட்டு வழியா அழுக்கு வெளிய வரும், மரை முனை நேராகும். நட்டுக்கு உள்பக்கத்துக்கு அதே மாதிரி நல்ல போல்ட்டு ஒண்ணுல நீளவாக்குல அரத்தால ஒரு வாய்க்கால் போட்டு உள்ள சுத்துங்க. முதல் மரை மட்டும் அடிபட்டு நசுங்கி இருந்தா எதுவும் சுத்த வேணாம், முக்கோண அரத்த வாக்கா பிடிச்சு அந்த ஒரு மரைய தடவி விட்டாலே நட்டு ஏறிடும்.

டை போட்டே ஆகணும்னா அளவு சரியா அதேதானான்னு பாத்துட்டு, ஆயில் விட்டு, கையாலயே சுத்தி ஏறுதான்னு பாருங்க. 26 மரை போல்ட்டுல 1 மில்லிமீட்டர் மரை இடைவெளி உள்ள மெட்ரிக் டை பாதி தூரம் ஒழுங்கா போற மாதிரியே போகும், அதுக்கப்புறம் மரை மேல மரை வெட்டும், போல்ட்டு அத்தோட காலி.

நட்டுங்கள மொத்தமா எப்படி தேய்க்கறது?

ஒரு கம்பில மாலையா கோத்து கரைசல்ல தொங்க விடுங்க, எடுக்கவும் சுலபம் எண்ணவும் சுலபம். உள்மரைக்கு குழாய் கழுவற சின்ன உருண்டை பிரஷ். நிறைய இருந்தா மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பால கொஞ்சம் மணலும் டீசலும் போட்டு உருட்டலாம், மேல் துரு நல்லாவே போகும்.

சுத்தம் பண்ணி வெளிய எடுத்த அரை மணி நேரத்துல திரும்ப செவந்துடுது, ஏன்?

ஆசிட்டு மிச்சம் இருக்கு, பூச்சு எதுவும் இல்லாத வெறும் இரும்பு காத்துல நிக்குது, அதுலயும் கடலோர ஊருன்னா காத்துல ஈரமும் உப்பும். எடுத்த உடனே லிட்டருக்கு ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்த தண்ணில முக்குங்க, நுரை அடங்கினதும் கொதிக்கற சுடுதண்ணில ஒரு முக்கு. சுடுதண்ணி எதுக்குன்னா போல்ட்டு சூடா வெளிய வரும், ஈரம் தானா ஆவியாகிடும். ஹேர் டிரையர் இல்ல வெயில்ல கிடக்கற தகடு மேல காய வச்சு, கை பொறுக்கற சூடு இருக்கும்போதே ஆயில்ல போட்டுடுங்க. ஒரு கட்டத்துலேந்து அடுத்த கட்டத்துக்கு நடுவுல டீ குடிக்கப் போகாதீங்க, எல்லா டப்பாவையும் வரிசையா வச்சுகிட்டு ஆரம்பிங்க.

அப்புறம் என்ன பூச்சு குடுக்கலாம்?

நல்லா செலவு பண்ணலாம்னா ஜிங்க் பிளேட்டிங். சென்னை அம்பத்தூர் எஸ்டேட் மாதிரி தொழிற்பேட்டைகள்ல பிளேட்டிங் பட்டறை இருக்கு, கிலோ கணக்குல மொத்தமா குடுத்தா செஞ்சு குடுப்பாங்க. குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்து எண்ணி குடுங்க, சின்ன வாஷர் எல்லாம் தொட்டிக்குள்ள காணாம போயிடும். அங்கயும் முதல்ல ஆசிட்ல முக்குவாங்க, அதனால 10.9ம் அதுக்கு மேல உள்ளதும் தனியா பிரிச்சு வச்சுடுங்க, குடுத்தே ஆகணும்னா பூசின உடனே 200 டிகிரி பக்கம் சில மணி நேரம் ஓவன்ல வைக்கற வசதி இருக்கான்னு கேட்டு, இருந்தா மட்டும் குடுங்க. பூச்சு தடிமன் மரையயும் கொஞ்சம் அடைக்கும், நட்டு கையால ஏறுதான்னு பாத்து வாங்குங்க.

வீட்லயே பண்ணணும்னா கருப்பாக்கலாம். சுத்தமான சின்ன போல்ட்ட நீலமா மாறற வரைக்கும், அதாவது 300 டிகிரி பக்கம், சூடு காட்டி இரும்பு டப்பால இருக்கற ஆயில்ல முக்கணும். புகை கிளம்பும், எண்ணெய் தீப்பிடிக்கலாம், மூடி கைலயே இருக்கணும், வெட்டவெளில பண்ணணும். பழைய வண்டிக்கு அந்தக் கருப்பு அவ்வளவு பொருத்தமா இருக்கும். கவர், கிளாம்பு, மட்கார்டு மாதிரி பாரம் தாங்காத இடத்து போல்ட்டுக்கு மட்டும் இத வச்சுக்கோங்க. அப்பப்ப ஆயில் துடைக்கணும், ஜிங்க் அளவுக்கு துரு தாங்காது.

எல்லாத்தையும் எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர், போல்ட்டா மாத்திட்டா துரு பிரச்சனையே இல்லையே?

போல்ட்டுக்கு பிரச்சனை இல்ல, அத பிடிச்சிருக்கற அலுமினியத்துக்குத்தான் பிரச்சனை. எவர்சில்வரும் அலுமினியமும் உப்புக்காத்து ஈரத்துல ஒட்டி இருந்தா அரிப்பு அலுமினியத்துல நடக்கும், வெள்ளை மாவு மாதிரி வரும், அஞ்சாறு வருஷம் கழிச்சு கழட்டினா கேஸ் மரையும் கூடவே வரும். சாதா எஸ்.எஸ். போல்ட்டு 8.8 அளவுக்கு பலமும் கிடையாது. எஸ்.எஸ். நட்டுல எஸ்.எஸ். போல்ட்ட காய்ஞ்ச மரையோட வேகமா ஏத்தினா நடுவுலயே ஒட்டிகிட்டு ரெண்டு பக்கமும் நகராது. நம்பர் பிளேட்டுக்கு போடுங்க, இன்ஜினுக்கு வேணாம்.

மாட்டும்போது மரைக்கு என்ன தடவணும்?

சைலன்சர் மாதிரி சூடாகற இடத்துக்கு மரை இறுகி ஒட்டாம இருக்க தடவற ஆன்டி சீஸ் பேஸ்ட்டு, மத்த இடத்துக்கு ஒரு சொட்டு ஆயில். ஆனா ஆயில் போட்டா டார்க், அதாவது ஸ்பேனர்ல முறுக்கற பலம், குறைக்கணும். நாம ஸ்பேனர்ல குடுக்கற பலத்துல பத்துல ஒரு பங்குதான் போல்ட்ட இழுத்துப் பிடிக்கறதுக்குப் போகுது, மிச்சம் எல்லாம் தலைக்கடிலயும் மரைலயும் உரசல்லயே போயிடுது. ஆயில் அந்த உரசல குறைச்சுடுச்சுன்னா அதே டார்க்குக்கு போல்ட்டு ரொம்ப அதிகமா இழுபடும். காய்ஞ்ச மரைக்குன்னு மேனுவல்ல குடுத்திருக்கற டார்க்க ஆயில் போட்ட மரைக்கு நாலுல ஒரு பங்கு குறைச்சு வைக்கறது வழக்கம்.

துருப்பிடிச்ச போல்ட்டு கைய கிழிச்சா டெட்டனஸ் வருமா?

துருவால வராது, மண்ணுல இருக்கற கிருமியால வரும், பழைய வண்டி போல்ட்டுல மண்ணு இல்லாமயா இருக்கும். சோப்பு போட்டு கழுவிட்டு, கடைசியா எப்ப டி.டி. ஊசி போட்டீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிக் கேட்டுக்கோங்க.

மிச்சம் இருக்கற கரைசல எங்க ஊத்தறது?

லெமன் சால்ட்டு தண்ணில ஆப்ப சோடாவ நுரை நிக்கற வரைக்கும் போட்டு நிறைய தண்ணியோட சாக்கடைல விடலாம். கெரசின், டீசல் கழுவினத மண்ணுலயோ சாக்கடைலயோ ஊத்தாதீங்க, ஒரு கேன்ல விட்டு வச்சா அழுக்கு அடில தங்கிடும், மேல தெளிஞ்சத அடுத்த தடவை கழுவ வச்சுக்கலாம், அடி வண்டல பழைய இன்ஜின் ஆயில் எடுக்கற இடத்துல சேத்துக் குடுத்துடுங்க.

சுத்தம் பண்ணத உடனே மாட்டப் போறதில்ல, எப்படி வைக்கறது?

ஆயில்ல முக்கி எடுத்து வடிய விட்டு, ஒவ்வொரு செட்டையும் ஜிப் கவர்ல போட்டு எந்த இடத்துது, என்ன மரை, எத்தனைன்னு மார்க்கர்ல எழுதுங்க. பேப்பர் துண்டுல எழுதி உள்ள போட்டா ஆயில்ல ஊறி எழுத்து போயிடும், கவர் மேல எழுதணும், அதுவும் ஆயில் படறதுக்கு முன்னாடி. நட்ட அதோட போல்ட்டுலயே ஏத்தி வச்சுடுங்க, ஜோடி மாறாது. மெட்ரிக்கும் இஞ்சும் ஒரே டப்பால வைக்காதீங்க. உபரியா ஒண்ணு ரெண்டு சைக்கிள் திரெட் போல்ட்டு மிஞ்சினா அதையும் இதே மாதிரி எழுதி வைங்க, அடுத்து புல்லட் பிரிக்கறவர் யாராவது அதே அளவ கேட்டு வருவார்.